ஜெபத்தை வீட்டிலேயே செய்தால் போதாதா?

கேள்வி: 3 மார்ச் 2024, ஞாயிறு காலை

எனக்கு இருபத்தொன்பது வயது. சிறு வயதில் ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் எல்லாம் போயிருக்கிறேன். இப்போது வாரத்தில் ஆறு நாள் வேலை. மிஞ்சும் ஒரு காலையில் இரண்டு மணி நேரம் ஆலயத்தில் உட்கார்ந்திருப்பதால் என்ன கிடைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வேதத்தை நானே வாசிக்கிறேன். நல்ல பிரசங்கங்கள் கைப்பேசியில் இருக்கின்றன. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் செய் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். பிறகு ஆலயம் எதற்கு? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

நீங்கள் சொல்லும் காரணங்கள் அத்தனையையும் நானும் சொல்லியிருக்கிறேன். ஒன்பது வருடம் ஆலயப் படி மிதிக்கவில்லை. வேலை அதிகம், தூக்கம் போதவில்லை, பிரசங்கம் நீளம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

பிறகு வேலை மாற்றலாகி, ஒருவரையும் தெரியாத ஊருக்குப் போனேன். தனியறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியோசை கேட்டு உள்ளே நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்தி பொங்கிப் போனேன் என்று சொல்ல மாட்டேன். வெள்ளி மாலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். ஆராதனை தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் பக்கவாட்டு நடையில் மெல்ல நடந்து தலைகளை எண்ணுவார். சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வார். ஆராதனைப் பதிவேட்டில் எழுதுவதற்காக அந்தக் கணக்கு. இரண்டாம் வாரம் வாசலில் நிறுத்தி எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். வேண்டாவெறுப்பாகச் சொன்னேன்.

ஐந்தாம் வாரம் காய்ச்சல் வந்து படுத்தேன். அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். "சரி" என்று ஒரு சொல் பதிலாக வந்தது. ஞாயிறு பிற்பகல் கதவு தட்டப்பட்டது. அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். என் பெயரைக்கூட அவர் தவறாகத்தான் சொன்னார். "கடைசி வரிசையில் ஒரு தலை குறைந்தது தம்பி, அதான் வந்தேன்" என்றார். மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, உட்காரக்கூட இல்லாமல் போய்விட்டார்.

உங்கள் கைப்பேசியில் இருக்கும் பிரசங்கம் என்னுடைய கைப்பேசியிலும் அன்று இருந்தது.

4 மார்ச்

நேற்று எழுதியது ஒரு மனிதனின் கதைதானே, ஆதாரம் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டைலர் வாண்டர்வீலும் அவரோடு பணியாற்றியவர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. எழுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்கள், போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இறந்தார்கள். ஆலயம் போனால் ஆயுள் கூடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

5 மார்ச்

நேற்றைய குறிப்பைத் திருத்துகிறேன். மருத்துவம் படிக்கும் தம்பி சுட்டிக்காட்டியது சரி. நான் அவசரப்பட்டுவிட்டேன்.

முதலாவது, அந்த 74,534 பேரும் பெண்கள். அமெரிக்கச் செவிலியர்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், புராட்டஸ்டண்டுகள். ஆண்களுக்கும், வேறு நாட்டவருக்கும் அதே எண் பொருந்தும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. இரண்டாவது, "குறைவாக இறந்தார்கள்" என்று எழுதியது அபத்தம். எல்லோரும் இறக்கத்தான் போகிறோம். ஆய்வு நடந்த காலத்தில் இறப்பின் விகிதம் குறைவாக இருந்தது என்பதே சரி. மூன்றாவது, ஆயுளைக் கூட்டுவதற்கு ஆலயத்தை மருந்துபோல யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நடக்க முடிந்தவர்தான் ஆலயத்துக்குப் போக முடியும். நோயில் படுத்தவர் வீட்டில் இருப்பார். இந்தச் சிக்கலை ஆய்வாளர்களும் அறிந்தே, முன்பிருந்த உடல்நிலையையும் பழைய வருகையையும் கணக்கில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும் வேறுபாடு நின்றது. சரி, ஆனால் "இதைவிட என்ன வேண்டும்" என்று நான் எக்காளம் ஊதியிருக்கக் கூடாது.

அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு பகுதி. வித்தியாசம் எப்படி வருகிறது என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். புகைப்பது குறைவு, மனச்சோர்வு குறைவு, நம்பிக்கையோடு நாளை நோக்குவது, ஒருவருக்கொருவர் ஆதரவாக இருப்பது. இந்த ஆதரவுக்கு மட்டும் கால் பங்குக்குச் சற்றுக் குறைந்த இடம் கொடுத்தார்கள். மீதியெல்லாம் வேறு காரணங்கள். நானோ, மாத்திரையோடு வாசலில் வந்து நின்ற பெரியவரே முழு விடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

9 மார்ச்

மூன்று நாளாக யோசித்தேன். ஆதரவு முழு விடை இல்லை என்றாலும், அது இல்லாமல் விடை இல்லை என்றே இன்னும் நினைக்கிறேன்.

சாயூன் லிம், ராபர்ட் பட்னம் என்ற இருவர் அமெரிக்காவில் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாழ்க்கையில் எவ்வளவு நிறைவாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போய், அங்கேயே மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்களைக் கொண்டவர்களில் 33 சதவீதத்தினர் மிக மிக நிறைவு என்றார்கள். வாரந்தோறும் போயும் அங்கே ஒரு நண்பர்கூட இல்லாதவர்களில் 19 சதவீதத்தினரே அப்படிச் சொன்னார்கள். வழிபாட்டுக்கே போகாதவர்களிலும் அதே 19.

இதை வாசித்தபோது என் முதல் நான்கு வாரங்கள் நினைவுக்கு வந்தன. கடைசி வரிசையில் உட்காருவேன், ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்துவிடுவேன், யார் கண்ணிலும் படாமல் வாசலைக் கடக்கப் பார்ப்பேன். அப்படிப் போய் வந்ததில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகையால் கேள்வி கேட்ட நண்பருக்கு: நீங்கள் போன நாட்களில் எப்படிப் போனீர்கள்? ஆராதனை முடிந்ததும் எத்தனை நிமிடம் நின்றீர்கள்? ஆராதனைக்குப் பிறகான அந்த இருபது நிமிடத்தை நான் ஆராதனையின் பகுதியாகவே எண்ணுகிறேன். அங்கேதான் ஒருவருடைய மகனுக்கு வேலை போன செய்தி தெரிகிறது. ஒருவருடைய கண் அறுவைச் சிகிச்சைக்குத் துணைக்குப் போக ஆள் கிடைக்கிறது.

10 மார்ச், ஞாயிறு

இன்றைய ஆராதனையில் பாடும்போது ஒன்றைக் கவனித்தேன். எனக்குப் பக்கத்தில் நின்றவருக்குச் சுருதியே சேராது. ஆனாலும் மூன்றாம் சரணத்தில் இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினோம். சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013-ல், சேர்ந்து பாடுபவர்களின் இதயத் துடிப்பை அளந்திருக்கிறார்கள். பாட்டு மூச்சை ஒழுங்குபடுத்த, துடிப்பு ஏறுவதும் இறங்குவதும் பாடுபவர்களிடையே ஒன்றுபோல ஆகிறது. பெரியவர்கள் சேர்ந்து வாய்விட்டுப் பாடும் இடம் இன்று வேறு எங்கே மிச்சமிருக்கிறது? அழகாகப் பாடத் தெரிந்தவர்கள் பாட, மற்றவர்கள் காதில் செருகிக்கொண்டு கேட்கிறோம். ஆலயத்தில்தான் சுருதி சேராதவரும் பாடலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

13 மார்ச்

ஒரு சகோதரி எழுதியிருப்பதை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். "நீங்கள் சொல்லும் அதே கண்கள்தான் என்னை அளந்தன. யார் வரவில்லை என்று பார்ப்பவர்கள், யார் யாரோடு வந்தாள் என்றும் பார்ப்பார்கள்." இதற்கு மறுமொழியாக ஆய்வு எதையும் நான் எடுத்து வைக்கப்போவதில்லை.

முதல் குறிப்பில் ஒன்றை மறைத்தேன். ஒன்பது வருடம் போகாததற்கு வேலையும் தூக்கமும் காரணம் என்று எழுதினேன். அது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. என் அக்காவின் மணவாழ்க்கை முறிந்தது. நாங்கள் வளர்ந்த சபை அது, எங்கள் பெற்றோரின் திருமணம் நடந்த இடம். மறுவாரமே பாடகர் குழுவிலிருந்து அக்காவைக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் கூட்டத்தின் ஜெபக் குறிப்பில், பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி அவளுக்காக வேண்டிக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்த வரிசை வாரத்துக்கு வாரம் காலியானது. கடைசியில் ஒரு ஞாயிறு, அக்கா உடுத்திக்கொண்டு வாசல்வரை வந்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நானும் அன்றோடு நிறுத்தினேன்.

ஆகவே சகோதரி, உங்கள் சொல்லை நான் அப்படியே ஏற்கிறேன். தேடி வருவதும் துருவிப் பார்ப்பதும் ஒரே கண்தான் செய்கிறது. உங்களைத் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்த இழையில் நான் எழுதிய "பயன்" எதுவும், உள்ளே ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்குக் கிடைத்த பயன். வெளியே நிறுத்தப்பட்டவருக்கு அதே சபை வீட்டுத் தனிமையைவிடக் கொடியது. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

15 மார்ச்

அக்கா இந்த இழையை வாசித்துவிட்டு நேற்றிரவு அழைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எழுதியதெல்லாம் சரி, வரிசை காலியானது என்று எழுதினாயே, அது மட்டும் தப்பு" என்றாள்.

காலியாகவில்லையாம். ஒரு பாட்டி கடைசி வாரம்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆறுதல் சொன்னதில்லை, அறிவுரை சொன்னதில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அக்காவின் மடியில் வைப்பார், தனக்குக் கண் தெரியவில்லை, எண்ணைப் பார்த்துச் சொல் என்பார். அக்கா நிறுத்திய பிறகு இரண்டு முறை வீட்டுக்கும் வந்தாராம். அக்காதான் கதவைத் திறக்கவில்லை.

நான் அந்தப் பாட்டியை முற்றிலும் மறந்திருந்தேன். ஒன்பது வருடக் கோபத்தில் அவருக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அவர் இப்போது இல்லை. 13-ஆம் தேதிக் குறிப்பை அழிக்காமல் விடுகிறேன். நான் எப்படி நினைவு வைத்திருந்தேன் என்பது அதில் இருக்கிறது. இதையும் சேர்த்து வாசியுங்கள்.

அக்கா இப்போதும் ஆலயம் போவதில்லை. நான் கேட்கவும் இல்லை.

16 மார்ச்

இணையவழி ஆராதனை பற்றி. 2020-ல் ஆலயங்கள் மூடியபோது நாங்களும் திரையில் கூடினோம். நன்றாகவே இருந்தது என்று சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கும், மழலைகளை வைத்திருக்கும் தாய்மாருக்கும், தொலைதூரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் அது பெரிய கொடை. அதை நிறுத்திவிட்ட சபைகள் தவறு செய்தன என்றுகூட நினைக்கிறேன்.

ஆனால் என் அனுபவம் இது. முதல் மாதம் நேரத்துக்கு உட்கார்ந்தேன். இரண்டாம் மாதம் பாடல்களைத் தாண்டிப் பிரசங்கத்துக்கு ஓட்டினேன். மூன்றாம் மாதம் பிரசங்கத்தை வேகமாக ஓட்டினேன். எனக்குப் பிடிக்காத பகுதியைத் தள்ளிவிடும் பொத்தான் என் விரலடியில் இருந்தது. ஆலயத்தில் அந்தப் பொத்தான் இல்லை. சலிப்பான பிரசங்கத்தின் இருபதாவது நிமிடத்தில், எப்போதும் தள்ளிப்போடும் ஏதோ ஒரு நினைவு தானாக எழுந்து வந்து முன்னே நிற்கும். பிரசங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இரண்டு பேரின் முகம் அப்படித்தான் எனக்குத் தென்பட்டது. ஒருவரிடம் கேட்டுவிட்டேன்.

18 மார்ச்

"இதெல்லாம் நடைப்பயிற்சிக் குழுவிலும் கிடைக்குமே, கடவுளை ஏன் இழுக்கிறீர்கள்?" இந்த இழையின் மிக நல்ல கேள்வி இதுதான்.

ஓரளவு கிடைக்கும். தனிமையை ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி 2023-ல் அறிவித்தபோது, நட்பு, அக்கம்பக்கம், தன்னார்வக் குழு, வழிபாட்டுக் கூட்டம் எல்லாமே அந்தப் பேச்சில் சேர்ந்துதான் இருந்தன. எந்தக் குழுவிலாவது சேருங்கள், நான் மகிழ்வேன்.

ஆனால் நடைப்பயிற்சிக் குழுவில் நடக்க முடிந்தவர்கள் இருப்பார்கள். என் வயது, என் வருமானம், என் ருசி உள்ளவர்களை நான் தேடிக்கொள்வேன். ஆலயத்தில் என் வரிசையில் யார் உட்காருவார் என்று நான் தீர்மானிப்பதில்லை. பிறந்து நாற்பது நாளான குழந்தையும் தொண்ணூறு வயதுக்காரரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் என் வாரத்தில் வேறு இல்லை. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவரோடு "சமாதானம்" சொல்லிக் கைகுலுக்க வேண்டியிருக்கிறது. பிடிக்காதவர் பிடித்தவராகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரைப் பற்றி வெளியே பேசும்போது நாக்கு கொஞ்சம் தயங்குகிறது.

இன்னொன்று, பாவ அறிக்கை. "நாங்கள் செய்யத் தகாதவைகளைச் செய்தோம்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம். மேலதிகாரியும் சொல்கிறார், அவரிடம் வேலை பார்ப்பவரும் சொல்கிறார், போதகரும் சொல்கிறார். நம் காலத்தில் ஒவ்வொருவரும் தன் வெற்றியைத்தான் ஊருக்குக் காட்டுகிறார்கள். தவறு செய்தேன் என்று நூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே தோள் இலேசாகிறது. கடவுள் இல்லாமல் இதைச் சொல்ல முடியுமா? யாரிடம் சொல்வது?

கடைசியாக, பழைய செய்தி ஒன்று. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், ஏறத்தாழ 155-ஆம் ஆண்டில், ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் உரோமைப் பேரரசர் அந்தோனினஸ் பயசுக்கு, கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்ன செய்கிறார்கள் என்று விளக்கி எழுதினார். வேதம் வாசிக்கிறோம், தலைவர் புத்தி சொல்கிறார், எழுந்து நின்று ஜெபிக்கிறோம், அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிறோம். பிறகு, வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் கொடுப்பதைச் சேர்த்து அனாதைகளுக்கும், விதவைகளுக்கும், நோயாளிகளுக்கும், சிறையில் இருப்பவர்களுக்கும், வழிப்போக்கர்களுக்கும் தருகிறார்கள்.

வராதவர்களுக்கு! அன்றே யாரோ தலைகளை எண்ணியிருக்கிறார்கள். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது கிறிஸ்துவின் பந்தி என்று நம்பியதால்தான் வீடு தேடிப் போனார்கள். என் வாசலுக்கு வந்த பெரியவரும் சமூக ஆதரவு கொடுக்க வேண்டும் என்று வரவில்லை. அவரிடம் பின்னொரு நாள் கேட்டேன். "உங்களை எண்ணிவிட்டேன் இல்லையா, பிறகு எப்படி விடுவது?" என்றார்.

நண்பரே, நான் பயனைத் தேடிப் போனேன். பயனை மட்டும் தேடிப் போகும் நூறு பேரை ஒரு கூரையின் கீழ் வைத்தால், யாருக்கும் எதுவும் கிடைக்காது என்று இப்போது தோன்றுகிறது. யாராவது கொடுக்க வந்திருக்க வேண்டும்.

24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

கேள்வி கேட்ட நண்பர் இன்று எழுதியிருக்கிறார்: போனாராம், பிரசங்கம் நீளமாம், ஆராதனை முடிந்து பத்து நிமிடம் நின்றாராம், ஒருவரும் பேச வரவில்லையாம். வருத்தமாக இருக்கிறது. சபைகள் இதைக் கேட்க வேண்டும். நீண்ட பிரசங்கத்தைப் பொறுத்தவரை, பவுல் அப்போஸ்தலரே நள்ளிரவுவரை பேசி, ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிச் சன்னலிலிருந்து விழுந்த கதை அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். தூங்கியவனைக் கடிந்ததாக ஒரு வார்த்தையும் இல்லை.

இன்னும் ஒரே ஒரு முறை போய்ப் பாருங்கள். இந்த முறை யாரும் வரக் காத்திருக்காமல், தனியாக நிற்கும் இன்னொருவரிடம் நீங்கள் போங்கள். நிச்சயம் ஒருவர் இருப்பார்.

31 மார்ச், ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை. பெரியவருக்கு முழங்கால் வலி, நடையில் நடக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே நோட்டை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பக்கங்களைத் திருப்பினேன். எண்ணிக்கை மட்டும் எழுதுவார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் சிறிய எழுத்தில் இரண்டு, மூன்று பெயர்கள். வராதவர்களின் பெயர்கள்.

எண்ணினேன். முதல் முறை 214, இரண்டாம் முறை 209. பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஈஸ்டருக்கு மட்டும் வருகிறவர்களால் எல்லா வரிசையும் நிரம்பியிருந்தது. கூட்டம் மிகுந்த நாளில் யார் இல்லை என்று கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று இன்றுதான் தெரிந்தது. பெரியவரிடம் வந்து, எல்லோரும் வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமலே, இடது பக்கம் தூணுக்கு அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார். புதியவர்கள், ஒரு குடும்பம் என்றேன். அங்கே வழக்கமாக உட்காரும் அம்மாளின் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்கு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போகிறேன்.